இலைக் கூடத்துச் சம்மட்டி

அவளுக்குக் கை பெரிது. அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. தொழிற்சாலை வாசலிலிருந்து கொதிகலன் அறை வரைக்கும் அவள் சம்மட்டி. வயதில் சின்னவர்களுக்குச் சம்மட்டியக்கா. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்படமாட்டாள். கோபப்பட அவளுக்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன.

அப்பா குடிக்காமலேயே அடிக்கிற ஆள். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்காவது விடிந்தால் கொஞ்சம் வெட்கம் வரும். இவருக்கு அதுவும் கிடையாது. அம்மா போன பிறகு அடி முழுக்கப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பங்கானது. ஒருநாள் தம்பியைச் சுவரோடு சேர்த்து நிறுத்திப் பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்தபோது, இவள் அடுப்படியிலிருந்து இரும்புக் கரண்டியை எடுத்து வந்து அவர் முழங்காலில் ஒன்று வைத்தாள். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் அவர் கை நீளவில்லை. ஓர் அடி நிற்க வேண்டுமென்றால் இன்னோர் அடி வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். சரியான பாடமா, தப்பான பாடமா என்று யோசிக்க அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

கல்யாணம் ஆனது. புருஷன் ஒரே ஒரு தடவை கை ஓங்கினான். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. கட்டுப் பிரித்ததும் ஆள் கிளம்பிப் போனான், திரும்பி வரவில்லை. தம்பி மட்டும்தான் மிச்சம். அவனை வளர்த்ததும் அவள்தான், நடுநடுவே வெளுத்ததும் அவள்தான். அவன் தோள் பெருத்து, மீசை முளைத்து, சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிறகும் அக்கா முறைத்தால் எழுந்து நின்றுவிடுவான்.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில். இதய மருந்து செய்கிற தொழிற்சாலையில், இலை அரைக்கிற கூடத்தில்.

அந்தச் செடிக்கு டாக்டர்கள் சொல்கிற பெயர் டிஜிட்டாலிஸ். கூடத்தில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. இலை, அவ்வளவுதான். விரலை உள்ளே விட்டுப் பார்க்கிற மாதிரி குழல் குழலாகப் பூக்குமாம். பூவை இங்கே யாரும் கண்டதில்லை. காய்ந்து முறுகிய இலைதான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை அரைத்துச் சலித்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினால், அங்கே ஊறப்போட்டு வடித்து, சத்தைப் பிரித்து மாத்திரையாக்குவார்கள். கால் வீங்கி, மூச்சு முட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கிற மனிதர்கள் அதை விழுங்கிவிட்டு எழுந்து நடமாடுவார்கள். தறிகெட்டு ஓடுகிற இதயத்தை இழுத்துப் பிடித்து நிதானப்படுத்துகிற மருந்து. நல்ல மருந்துதான், சந்தேகமில்லை. கொஞ்சம் கூடிப்போனால் அதே இலை இதயத்தை நிறுத்தியும் விடும். விழுங்குகிறவருக்கு அளந்து கொடுக்கிறார்கள். அரைக்கிறவளுக்கு யார் அளந்து கொடுத்தார்கள்?

தூள் காற்றில் பறக்கும். மூக்கு வழியாகப் போகும், எச்சிலோடு இறங்கும். முதலில் வாய் கசக்கும். அப்புறம் குமட்டும். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் மஞ்சளாக ஒரு வளையம் தெரியும். கடைசியில் நாடி இறங்கும். இதற்குக் கூடத்தில் 'இலை பிடிச்சிருக்கு' என்று பெயர். ஒரு தடவை அரைவை இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒருவர் சாய்ந்து, அப்படியே போய்விட்டார். பிறவியிலேயே பலவீனமான இதயம் என்றது நிர்வாகம். அவ்வளவு பலவீனத்தை வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் மூட்டை சுமந்தாரா என்று ஒருத்தி மட்டும் எழுந்து கேட்டாள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு தொழிலாளிகள் தாங்களாக ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். கை கொடுப்பது என்று பெயர். வேலைக்கு நடுவே இடைவேளை விட்டதும் கூடத்து வாசலில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே வரிசையாக நின்று சம்மட்டியிடம் மணிக்கட்டை நீட்டுவார்கள். அந்தப் பெரிய கைக்குள் எல்லார் மணிக்கட்டும் குச்சி மாதிரி இருக்கும். கடிகாரத்து முள்ளைப் பார்த்தபடியே எண்ணுவாள். நாடி இறங்கியிருந்தால் ஒரே வார்த்தை: உட்காரு. அந்த ஆள் முற்றத்துச் சுவரோரம் போட்டிருக்கிற பலகையில் போய் உட்கார வேண்டும். அவர் பங்கு வேலையை மற்றவர்கள் செய்வார்கள். மறுபேச்சு கிடையாது. டாக்டர் பேச்சைக்கூட மீறுவார்கள், சம்மட்டி உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்தைக் கண்டால் சூப்பர்வைசருக்கு ஆகாது. அவருக்கு மாஸ்க் என்று பெயர். தொழிற்சாலை முழுவதிலும் நல்ல முகமூடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவர் மூஞ்சியில் இருந்தது. மற்றவர்களுக்குக் கழுத்துத் துணிதான் முகமூடி. அது போதும் என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்வார்.

தூளை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய விசிறி பழுதாகி நின்றபோதும் அவர் அப்படித்தான் பேசினார். சாமான் வரும், அதுவரைக்கும் அரையுங்கள் என்றார். விசிறி இல்லாமல் நாள் கணக்கில் அரைத்தார்கள். பலகையில் உட்கார இடம் போதவில்லை. ஒரு பெண் மூட்டை மேலேயே கவிழ்ந்து விழுந்தாள். சம்மட்டி போய் மாஸ்க்கிடம் கேட்டாள். வரும் என்றார். மறுபடி கேட்டாள். உனக்கு வேலை பிடிக்கவில்லையென்றால் வாசல் அங்கே இருக்கிறது என்றார்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. இயந்திரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சல்லடைத் தகட்டை உருவி எடுத்தாள். வளைந்த எஃகுத் தகடு அது. அந்த இயந்திரத்துக்கென்றே செய்தது. அது இல்லாமல் ஒரு பிடி இலைகூட அரைபடாது. வேறொன்று செய்து வாங்குவதற்கு மாதக்கணக்காகும். விசிறி ஓடட்டும், தகடு வரும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, தம்பியும் அவளுமாக அதைக் கொண்டுபோய் முற்றத்துப் பலகைக்கு அடியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். இலை பிடித்தவர்கள் உட்காருகிற இடத்தைக் குனிந்து பார்க்க மாஸ்க்குக்குத் தோன்றாது என்பது தம்பியின் கணக்கு. வேலை நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, கூடத்துக்குள்ளேயே இருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆட்கள் வந்தார்கள்.

கம்பியும் கட்டையுமாக, லாரியில். தொழிற்சாலை ஆட்கள் இல்லை, கூலிக்கு அடிக்கிறவர்கள். வந்தவுடனே தகடு எங்கே என்று கேட்டபடி அடுக்கியிருந்த மூட்டைகளைக் கத்தியால் கிழித்தார்கள். அரைத்து வைத்திருந்த தூள் அப்படியே எழும்பிக் கூடத்தை நிறைத்தது. பச்சைப் புகை மாதிரி. யார் நம்மாள், யார் அவர்கள் ஆள் என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். மூட்டை இழுக்கிற கொக்கி, தூள் அள்ளுகிற மண்வெட்டி, ஜன்னல் சட்டம். ஒருவன் கன்னத்தில் கொக்கி மாட்டிக் கடைவாய் வரைக்கும் கிழிந்தது. இன்னொருவன் விரல்களை மண்வெட்டி தரையோடு சேர்த்து நசுக்கியது. மண்வெட்டி பிடித்திருந்தது சம்மட்டி. அதே மண்வெட்டியைத் திருப்பி அடுத்தவனுக்குத் தோள்பட்டையில் இறக்கினாள். எலும்பு போன சத்தம் அவளுக்கே கேட்டது. அவளுக்கும் விழுந்தது. முதுகில், விலாவில், ஒரு காது கிழிந்து தொங்கியது. கவனிக்க நேரமில்லை.

தம்பி சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு தடியன் இரும்புக் கம்பியால் அவன் இடது காதுக்கு மேலே ஓங்கி ஒன்று போட்டான். தம்பி முழங்கால் மடிந்து விழுந்தான். ஒரு நொடி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்தான்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டு, அந்தக் கம்பியைப் பிடுங்கி, அந்தத் தடியனையே வாசல் வரைக்கும் அடித்து ஓட்டினான்.

தூள் அவர்களை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பழக்கமில்லாத ஆட்கள் இல்லையா. பாதிப் பேர் குமட்டிக்கொண்டு லாரிக்கு ஓடினார்கள், மீதிப் பேரை அடித்து ஏற்றினார்கள். கேட்டைச் சாத்தக்கூட நிற்காமல் லாரி பறந்தது.

ஜெயித்தாயிற்று. முற்றமெல்லாம் ரத்தமும் வாந்தியும். ஆளுக்கொரு மூலையில் குனிந்து நின்று கக்கினார்கள், கக்கிவிட்டுச் சிரித்தார்கள். தம்பியும் கக்கினான். சம்மட்டி வரிசையாக எல்லார் கையையும் பிடித்துப் பார்த்தாள். பல பேருக்கு நாடி இறங்கியிருந்தது. தம்பிக்கும் இறங்கியிருந்தது, மற்றவர்களைவிட அதிகமாகவே. தலையைத் தடவிப் பார்த்தாள். தோல் கிழியவில்லை, வீங்கியிருந்தது.

"அக்கா, தலை ரொம்ப இடிக்குது. வெளிச்சம் கண்ணக் குத்துது" என்றான்.

"கம்பியால வாங்கினா இடிக்காம இனிக்குமா? இலை புடிச்சிருக்கு உனக்கு. போய் உட்காரு."

உட்கார்ந்தான்.

இயந்திரம் ஓட்டுகிற பல்சக்கரம் பக்கத்தில் நின்றிருந்தார். முன்பல் துருத்திக்கொண்டிருப்பதால் வந்த பெயர் அது. தலையில் அடிபட்டிருக்கிறது, கேட்டும் திறந்து கிடக்கிறது, எதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஓர் எட்டுக் கூட்டிப்போய் விடலாமே என்றார். ஆஸ்பத்திரியில் அடிதடிக் கேஸ் என்று போலீசுக்குச் சொல்வார்கள், படுக்கையிலிருந்தே விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள் என்றாள் சம்மட்டி. அதோடு, இத்தனை வருஷம் இத்தனை பேர் கையைப் பிடித்தவளுக்கு இலை பிடித்த நாடி தெரியாதா என்று ஒரு கேள்வி. நாடி விஷயத்தில் அவளை எதிர்த்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை.

மத்தியானத்துக்குள் கேட்டில் சங்கிலி விழுந்தது. வெளியே போலீஸ் வரிசையாக நின்றது. போலீசுக்குப் பின்னால் காலையில் ஓடியவர்களின் கூட்டாளிகள் நின்றார்கள். அவர்களுக்கும் பின்னால் மாஸ்க். சாப்பாடு கொண்டுவருகிற பெண்கள் உள்ளே போகலாம், உள்ளே இருக்கிற யாரும் வெளியே வர முடியாது, தகடு வந்தால்தான் சங்கிலி கழறும் என்று கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொன்னார். அதற்காகவே முகமூடியைக் கழற்றியிருந்தார்.

தம்பி பொண்டாட்டி சாப்பாட்டு டப்பாவோடு வந்தபோது அவன் பலகையில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவனை உலுக்கினாள். முனகினான், கண் திறக்கவில்லை. சம்மட்டி வந்து, தூங்குகிறவனை எழுப்பாதே என்றாள்.

"தூங்கறானா? இவன் குறட்ட விட்டு நான் கேட்டதே இல்ல."

"இலை புடிச்சா அப்படித்தான் கெடப்பாங்க. சாயங்காலம் தெளிஞ்சிடும்."

"எத்தன தடவ இலை புடிச்சு வீட்டுக்கு வந்திருக்கான், எனக்குத் தெரியாதா? அன்னிக்கெல்லாம் தூங்கவே மாட்டான். புரண்டு புரண்டு படுத்து என் உசிர வாங்குவான்."

சம்மட்டி அவள் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினாள். புருஷன் வீட்டுப் பெரியவள் தள்ளினால் ஒதுங்கிப் போகிறவள்தான் அவள், அன்றைக்கு வரைக்கும். நாளெல்லாம் கனத்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி உரமேறின கை. அந்தக் கையால் சம்மட்டியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். கிழிந்த காதிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. முற்றத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்மட்டியை அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்ற முதல் ஆள் அவள்தான்.

"அடி, திருப்பி அடி. அப்புறமா அடி. முதல்ல அவன் கண்ணப் பாரு."

இமையைப் பிரித்துக் காட்டினாள். வலது கண்ணின் கருமணி நடுவே புள்ளி மாதிரி இருந்தது. இடது கண்ணில் அது சட்டைப் பொத்தான் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

சம்மட்டி குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரம் இல்லை, முள் இல்லை, வெறுமனே பிடித்தாள். இலை பிடித்த நாடி மெதுவாகப் போகும். ஆனால் தடுக்கி விழும். நொண்டுகிறவன் படி இறங்குகிற மாதிரி ஒன்று தள்ளி வரும், ஒன்று வராமலே போகும். அது அவளுக்கு மனப்பாடம். இது தடுக்கவில்லை. மெதுவாக, சீராக, கனமாக இடித்தது. பூட்டின கதவை உள்ளேயிருந்து ஒருவன் தோளால் முட்டுகிற மாதிரி. காலையிலும் இதேதான் இடித்திருக்கும். காலையில் அவள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள். நாடி இறங்கியிருந்தால் இலை. இந்தக் கூடத்தில் நாடி வேறெதற்காகவும் இறங்கி அவள் பார்த்ததில்லை.

காலையில் கேட் திறந்து கிடந்தது.

அவள் தம்பியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். தலையில் அடி, சாகப்போகிறான், திறங்கள் என்றாள். போலீஸ்காரர் மாஸ்க்கைப் பார்த்தார். மாஸ்க் தம்பியைப் பார்த்தார். ஆட்டம் காட்டுகிறார்கள் என்று நினைத்தாரோ, நிஜம் என்று தெரிந்தேதான் சொன்னாரோ, யாருக்குத் தெரியும். தகடு வரட்டும், என் வேனிலேயே அனுப்புகிறேன் என்றார். வேன் அங்கேயேதான் நின்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்தே இருந்தார்.

சம்மட்டி தம்பியை அவன் பொண்டாட்டியின் மடியில் கிடத்திவிட்டுப் பலகைக்குத் திரும்பினாள். பல்சக்கரம் குறுக்கே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். காலையில் மண்டை உடைந்தவர்கள், கை தொங்கினவர்கள்.

"சம்மட்டி, தகட்டக் குடுத்தா எல்லாம் போச்சு. இத்தன பேரு ரத்தமும் வீணு. கேட்ட உடைச்சுப் பாப்போம். எல்லாருமா மோதுவோம்."

"அதுக்கு நேரமில்ல."

"காலைல நான் சொன்னேன். நீதான் கேக்கல."

உண்மை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. கை கிளம்பிவிட்டது. பல்சக்கரத்தின் வாயில் நேராக விழுந்தது. மனிதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தார். அப்பாவை அடித்திருக்கிறாள், புருஷனை, அடியாட்களை. தம்பியை விட்டால், தன்னோடு நின்ற ஓர் ஆளை அடித்தது அதுதான் முதல் தடவை. யாரும் அவள் மேல் பாயவில்லை. விலகி வழி விட்டார்கள். அவர்கள் பாய்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பலகையைப் புரட்டிப் போட்டாள். கம்பியை முறுக்கிப் பிரிக்கப் பொறுமையில்லை, பிய்த்தாள், உள்ளங்கை கிழிந்தது. தகட்டை எடுத்துப் போய் கேட்டின் இடுக்கு வழியாக மாஸ்க்கின் காலடியில் எறிந்தாள். சிமெண்டில் அது போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. மாஸ்க் துள்ளிப் பின்னால் போனார். பிறகு குனிந்து, துடைத்து, வளைவு நெளிவு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் சங்கிலி கழன்றது.

வேனின் பின்பக்கத்தில் காலி மூட்டைகளின் மேல் தம்பி கிடந்தான். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பொண்டாட்டி. டிரைவர் ஒரு சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை, அதை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதி வழியில் தம்பிக்கு வெட்டி வெட்டி இழுத்தது. பல் நாக்கைக் கடித்து ரத்தம் வழிந்தது. பொண்டாட்டி தன் இரண்டு விரலை அவன் வாய்க்குள் திணித்தாள். அவன் கடித்தான். அவள் எடுக்கவில்லை. சம்மட்டி அவன் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தாள், டேய், டேய் என்று. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. மணிக்கட்டை விடவில்லை. ஓர் இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைப் பிரித்துப் பார்த்தார். பார்த்த உடனே ஓடச் சொன்னார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களை. மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை நசுக்குகிறது, திறந்து எடுக்க வேண்டும் என்றார். எப்போது அடிபட்டது என்று கேட்டார்.

"காலைல."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உட்கார வச்சிருந்தேன்" என்றாள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை.

தாழ்வாரத்தில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றார்கள். தம்பி பொண்டாட்டியின் விரலில் கட்டுப் போட்டுவிட்டிருந்தார்கள். அவள் சம்மட்டியைப் பார்க்கவில்லை. இன்னொரு அறை கொடுத்திருந்தால் சம்மட்டி வாங்கிக்கொண்டு நின்றிருப்பாள். அதைக்கூட அவள் கொடுக்கவில்லை.

தம்பி பிழைத்தான். வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. வலது கால் இழுத்தது. பேச்சு குழறலாக வந்தது, நாக்குக் கடி ஆறினால் கொஞ்சம் தெளியும் என்றார்கள், கை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவன் கண் திறப்பதற்குள் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குத் தகடு மாட்டி, புது ஆட்களை வைத்து அரைக்க ஆரம்பித்துவிட்டார்கள். விசிறி அப்படியே நின்றது. சம்மட்டிக்கு வேலை போனது. பல்சக்கரத்துக்கும் போனது. அவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார், உதடு வீங்கி, முன்பல் ஒன்று இல்லாமல். பெயர மாத்தச் சொல்லணும் எல்லார்கிட்டயும் என்று தாழ்வாரத்தில் நின்று சொன்னார். சம்மட்டி சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகிறபோது இவள் பக்கம் வராமலேயே போனார்.

தம்பி தெளிந்து பேசின அன்று காலை வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. தலை முழுக்கக் கட்டு. முதல் கேள்வியே அதுதான்.

"மில்லு ஓடுதா?"

பொண்டாட்டி தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். சம்மட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓடுது."

"தகடு?"

"நான்தான் குடுத்தேன்."

அவன் அவளையே பார்த்தான். அன்றைக்குக் கம்பி அடி வாங்கிச் சிரித்தவன் முகத்தில் இப்போது ஒரு பக்கம்தான் அசைந்தது. ஏன் என்று கேட்கவில்லை. தனக்காகத்தான் என்று புரிந்துகொண்டான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். தம்பி உயிருக்காக அக்கா செய்தாள் என்று அதோடு விட்டிருக்கலாம். ஊரும் அப்படித்தான் பேசியது. நல்ல கதை. பொண்டாட்டி, சொல்வதானால் நீயே சொல் என்பது போல நிமிர்ந்து சம்மட்டியைப் பார்த்தாள்.

"இங்க பாரு" என்றாள் சம்மட்டி. "உனக்காகக் குடுத்தேன்னு நெனச்சுக்காத. நீ அடி வாங்கினப்ப கேட்டு தொறந்து கெடந்துச்சு. பல்சக்கரம் சொன்னாரு, கூட்டிட்டுப் போலாம்னு. நான்தான் இலைன்னு சொல்லி உட்கார வச்சேன். அப்பவே போயிருந்தா தகடும் அங்கயே இருந்திருக்கும், உன் கையும் நல்லா இருந்திருக்கும்."

அவன் மெதுவாகத் திரும்பினான். அசைகிற பக்கத்து வாயால், கிட்ட வா என்ற மாதிரி ஏதோ குழறினான். அவள் குனிந்தாள். இடது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் அடித்தான். அடி என்று சொல்ல முடியாது. கை பாதி வழியிலேயே தளர்ந்து, விரல்கள் மட்டும் வந்து பட்டு, போர்வை மேல் விழுந்தன.

அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தாள்.

"இதுக்குப் பேரு அடியா? பலமே இல்ல" என்றாள். "சாப்பிடு. நாளைக்கு வர்றேன். நல்லா அடி."

பொண்டாட்டி கிண்ணத்தில் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தவள், ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திச் சம்மட்டி பக்கம் தள்ளினாள்.